அரிட்டாபட்டி மலைநடை: 300 ரூபாய்க்குத் தகுமா?

மதுரை ஒத்தக்கடையிலிருந்து மேலூர் ரோட்டில் பைக்கில் போனால் அரை மணி நேரம்தான். அரிட்டாபட்டியில் நாலைந்து இளைஞர்கள் சேர்ந்து ஞாயிற்றுக்கிழமை காலையில் மலையைச் சுற்றிக் காட்டுகிறார்கள். பெரியவர்களுக்கு 300 ரூபாய், பிள்ளைகளுக்குப் பாதி. போன வாரம் ஏழாவது படிக்கிற என் மகளோடு போய்வந்தேன். நான் கொத்தனார், 26 வருஷமாகக் கரண்டி பிடிக்கிறேன். என் கண்ணில் பட்டதை எழுதுகிறேன்.

முதலில் குறை. ஆறு மணி என்றார்கள், கிளம்பும்போது ஏழு. திரும்பும்போது பாறை காலைச் சுட்டது. 22 பேரை ஒரே கூட்டமாகக் கூட்டிப்போனதால் பின்னால் நின்றவர்களுக்குப் பாதி விஷயம் காதில் விழவில்லை. 12 பேருக்கு மேல் சேர்க்கக் கூடாது.

ஆனால் கூட்டிப்போன தம்பி கெட்டிக்காரர். எதையும் எடுத்த எடுப்பில் சொல்லிவிடுவதில்லை. கழிஞ்சமலைக் குகைக்கு முன்னால் எங்களை நிறுத்தி, "அண்ணே, மழ பேஞ்சா மேல விழுகுற தண்ணி பாறையில வழிஞ்சு உள்ளதான வரணும்? ஏன் வரல?" என்று கேட்டார். நிமிர்ந்து பார்த்தேன். குகையின் நெற்றியில் நீளமாக ஒரு காடி வெட்டியிருந்தது. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. சன்ஷேடுக்கு அடியில் விளிம்போரமாக நாங்கள் இழுக்கிற அதே காடி! வழிந்து வரும் தண்ணீர் அந்த இடத்தோடு நின்று சொட்டிவிடும், சுவருக்குப் போகாது. இந்த வேலையை எனக்கு என் மேஸ்திரி கற்றுக்கொடுத்தார். சமண முனிவர்கள் தங்குவதற்காக 2000 வருஷத்துக்கு முன்னால் கருங்கல்லில் உளியால் அதைச் செய்திருக்கிறார்கள்.

அங்கே தமிழி என்ற பழங்காலத் தமிழ் எழுத்தில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. நெல்வேலியைச் சேர்ந்த அதினன் வெளியன் என்பவர் இந்தக் குகையை அமைத்துக் கொடுத்ததாக எழுதியிருக்கிறதாம். வெட்டிய ஆளின் பெயர் இல்லை. எனக்கு அது மனசில் உறுத்திக்கொண்டே இருந்தது.

குடைவரைக் கோயிலில் இன்னொரு ஆச்சரியம். 7, 8-ஆம் நூற்றாண்டுப் பாண்டியர் காலத்து வேலை. அங்கே கையில் தடியோடு இருப்பவரைத் துவாரபாலகர் என்றுதான் நினைத்தேன். அவர் லகுலீசராம், குஜராத் பக்கத்தில் பாசுபதம் என்ற சைவப் பிரிவின் குரு. லகுடம் என்றால் தடி. தமிழ்நாட்டில் அவருக்குச் சிலை அபூர்வம். அத்தனை தூரத்துச் சாமியார் மேலூர்ப் பக்கத்துப் பாறையில் எப்படி வந்து உட்கார்ந்தார் என்று மகள் வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தாள்.

வல்லூறு பார்க்கத்தான் அவள் வந்ததே. லக்கர் வல்லூறு, சாகின் வல்லூறு இரண்டும் இங்கே உண்டு. எங்களுக்கு ஒன்றே ஒன்று தென்பட்டது, அதுவும் தூரத்தில். வல்லூறு குச்சி பொறுக்கிக் கூடு கட்டாது, பாறை விளிம்பிலேயே முட்டை இடும் என்றார் தம்பி. "அப்ப அதுக்குக் கொத்தனாரே வேண்டாமாப்பா?" என்றாள் மகள். எறும்புத்தின்னியும் தேவாங்கும் இருக்கின்றனவாம். பகலில் பார்க்க முடியாது என்று முதலிலேயே சொல்லிவிட்டார்கள். காட்டுகிறோம் என்று ஆசை காட்டாதது எனக்குப் பிடித்தது. எறும்புத்தின்னிக்குப் பல்லே கிடையாது, அதன் செதிலும் நம் நகமும் ஒரே பொருள் என்பது எனக்குப் புதுசு.

2022 நவம்பரில் அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் இரண்டையும் சேர்த்து 193.21 ஹெக்டேரைத் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவித்தார்கள். பிறகு டங்ஸ்டன் சுரங்க ஏலம் வந்து, சுற்றுவட்டாரமே எழுந்து நின்று, 2025 ஜனவரியில் அது ரத்தானது. அப்போது நடந்த எதிர்ப்பு ஊர்வலத்தில் நானும் நடந்தேன். எதற்காக நடந்தோம் என்று அந்தக் காடிக்குக் கீழே நின்றபோதுதான் எனக்கு முழுசாக உறைத்தது.

காசு தகும். செருப்பு வேண்டாம், ஷூ போட்டுப் போங்கள். ஆளுக்கு இரண்டு பாட்டில் தண்ணீர் வேண்டும்.

தம்பிகளுக்கு ஒரு வேண்டுகோள். மீனாட்சிபுரம் மலையில் நெடுஞ்செழியன் பெயர் வெட்டிய கல்வெட்டு இருக்கிறது. வெள்ளறை என்ற ஊரின் வணிகர் சங்கம் கொடுத்த கொடையும் அங்கே எழுதியிருக்கிறதாம். பக்கத்தில் இருந்தும் இந்த நடையில் அது இல்லை. அதையும் சேருங்கள், கூட நூறு ரூபாய் ஆனாலும் மகளோடு திரும்ப வருகிறேன்.