ஜென்டூ லினக்ஸ்: மலையகத்தில் பாவிக்கலாமா?

நல்ல சாமான்தான், ஆனால் எல்லோருக்கும் இல்லை. மொபைல் டேட்டாவில் காலம் தள்ளுபவர்களும், காற்றோடு மழை வந்தால் கரண்ட் போகிற தோட்டப் பக்கம் இருப்பவர்களும் கொஞ்சம் யோசித்துத்தான் இதில் இறங்க வேண்டும்.

தெரியாதவர்களுக்காக: லினக்ஸ் என்பது விண்டோஸ் மாதிரி ஓர் இயங்குதளம், அதில் பல வகை உண்டு. உபுண்டு, மின்ட் மாதிரியான வகைகளில் மென்பொருள் தயாராக வரும், இறக்கிப் போட்டால் வேலை முடிந்தது. 2002இல் முதல் பதிப்பு வந்த ஜென்டூவில் மூலநிரலை இறக்கி நம் மெஷினிலேயே கம்பைல் செய்ய, அதாவது ஓடக்கூடிய மென்பொருளாக மாற்ற வேண்டும். எமெர்ஜ் என்ற கட்டளை அந்த வேலையைப் பார்த்துக்கொள்ளும். வேகம் கூடும் என்று பலர் சொல்வார்கள். ஹட்டனில் வாங்கிய என் பழைய ஐ5 லேப்டாப்பில் அப்படிப் பெரிய வித்தியாசம் எதுவும் தெரியவில்லை. எரர் வராத ஜென்டூ கிடையாது என்பதால் என் அளவுகோல் ஒன்றுதான்: கம்பைல் பாதியில் முறிந்து நிற்கும்போது இது எவ்வளவு கைகொடுக்கிறது?

நிறையவே கொடுக்கிறது. ஒவ்வொரு பேக்கேஜுக்கும், அதாவது ஒவ்வொரு மென்பொருள் பொதிக்கும், நடந்ததையெல்லாம் எழுதிவைத்த முழு லாக் தனியாக இருக்கும், முறிந்ததும் அது எங்கே இருக்கிறது என்று திரையிலேயே சொல்லிவிடும். திரையின் கடைசியில் தெரிகிற 'எரர் 1', 'எரர் 2' எல்லாம் கம்பைல் வேலைகளை வரிசையாக நடத்தும் 'மேக்' என்ற நிரல் போடும் ஒப்பாரி, அதை வைத்துக் கூகுளில் தேடிப் பிரயோசனமில்லை. நாலு வேலை ஒரே நேரத்தில் ஓடும்போது ஒன்று விழுந்தாலும் மற்றவை கொஞ்ச நேரம் ஓடிக்கொண்டே இருக்கும், அதனால் உண்மையான எரர் நூற்றுக்கணக்கான வரிகளுக்கு மேலே புதைந்து கிடக்கும். ஒரே நேரத்தில் எத்தனை வேலை ஓடலாம் என்று சொல்லும் மேக்ஆப்ட்ஸ் அமைப்பில் ஒரே வேலை என்று மாற்றித் திரும்ப ஓட்டினால் சரியான இடத்தில் நிற்கும். ஒன்றாக ஓட்டும்போது தேறி, நாலாக ஓட்டும்போது மட்டும் முறிந்தால் அந்தப் பேக்கேஜின் மேக்ஃபைலில்தான் (மேக்குக்கு எழுதிய வேலைக் குறிப்பு) கோளாறு, பிழைகளைப் பதியும் ஜென்டூவின் பக்ஸில்லா தளத்தில் அநேகமாக யாராவது ஏற்கெனவே எழுதியிருப்பார்கள்.

கூடுதல் ரேம் வாங்கிய கதையையும் சொல்ல வேண்டும். பாவித்த ரேம் ஒன்றை டவுனில் ஒரு கடையில் வாங்கிப் போட்ட பிறகு, கம்பைல் செய்யும் நிரலான ஜிசிசி 'இன்டர்னல் கம்பைலர் எரர், செக்மென்டேஷன் ஃபால்ட்' என்று விழ ஆரம்பித்தது. இங்கே கவனிக்க வேண்டியது, விழுகிற இடம் ஒவ்வொரு முறையும் மாறுகிறதா என்பது. ஒரே ஃபைலில் ஒரே வரியில் விழுந்தால் கம்பைலரையோ நிரலையோ சந்தேகிக்கலாம். இன்றைக்கு ஒன்று, நாளைக்கு இன்னொன்று என்றால் ரேம் அல்லது சூடு. ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86+ ஓட்டியதும் சிவப்பு வரிகள் கொட்டின. கடைக்காரரிடம் கொண்டுபோய்க் காட்டினால், "விண்டோஸ் ஓடுதுதானே தம்பி, அப்புறம் என்ன?" என்கிறார். ஓடும்தான், விண்டோஸில் பாட்டுக் கேட்கிறவருக்கு அது தெரியவே தெரியாது. மணிக்கணக்கில் மெமரியை நிரப்பி வேலை வாங்கும்போதுதான் குட்டு வெளிப்படும். பெரிய விவாதத்துக்குப் பிறகு மாற்றிக் கொடுத்தார்.

'கில்டு சிக்னல் டெர்மினேட்டட் ப்ரோக்ராம் சிசி1பிளஸ்' என்று வந்தால் அது வேறு விஷயம். ரேம் பழுதில்லை, போதவில்லை, லினக்ஸின் மையமான கெர்னலே கம்பைலரைக் கொன்றுவிட்டது. ஒரு வேலைக்கு 2 ஜிபி என்று கணக்குப் போட்டு எண்ணிக்கையைக் குறைத்து, ரேம் போதாதபோது கைகொடுக்கும் டிஸ்க் இடமான ஸ்வாப்பும் கொஞ்சம் வைத்தால் சரி.

பழைய லேப்டாப்காரர்களுக்கு இன்னொன்று. மதர்போர்டின் பட்டன் பேட்டரி செத்திருந்தால் கடிகாரம் பல வருடம் பின்னால் போய்விடும். அப்புறம் டவுன்லோடில் சான்றிதழ் எரர் வரும், கம்பைலுக்கு முன் மெஷினைச் சோதிக்கும் கான்ஃபிகர் 'புதிதாக உண்டாக்கிய ஃபைல் பழையதாக இருக்கிறது, கடிகாரத்தைப் பார்' என்று நிற்கும், மேக் 'கிளாக் ஸ்க்யூ' (நேரம் பொருந்தவில்லை) என்று எச்சரிக்கும். பேட்டரியை மாற்றி நேரத்தையும் சரியாக வைத்தால் மூன்றும் ஒன்றாகப் போய்விடும்.

நம் பிழையே இல்லாத எரர்களும் உண்டு. 2024இல் வந்த ஜிசிசி 14, அறிவிக்காத ஃபங்ஷனை அழைப்பது போன்ற சி நிரல்மொழியின் பழைய பழக்கங்களை எச்சரிக்கையோடு விடாமல் எரராகவே ஆக்கியது. 2025இல் வந்த ஜிசிசி 15 இயல்பாகவே சி மொழியின் புதிய சி23 தரத்தில், அதாவது 'பூல்' மொழியின் சொந்தச் சொல்லாகிவிட்ட தரத்தில் கம்பைல் செய்வதால், தானாக 'பூல்' என்று டைப் அறிவித்துக்கொண்ட பழைய நிரல்கள் முறிகின்றன. இதற்கெல்லாம் நிரலைத் திருத்தும் பேட்ச் வரும்வரை காத்திருக்கலாம், அல்லது அந்தப் பேக்கேஜுக்கு மட்டும் பழைய தரத்தை ஒரு ஃப்ளாக்கில் கொடுத்துவிடலாம். ஒரு பேக்கேஜுக்கு மட்டும் அமைப்பை மாற்ற விடுவது ஜென்டூவில் எனக்கு மிகவும் பிடித்தது.

பிடிக்காதது கரண்ட் போகும்போது தெரியும். லக்சபானா, மேல் கொத்மலை நீர்மின் நிலையங்கள் மின்சாரம் எடுப்பது எங்கள் பக்கத்துத் தண்ணீரில்தான், ஆனாலும் கம்பியில் ஒரு மரம் சாய்ந்தால் ராத்திரி முழுக்க இருட்டு. எமெர்ஜைத் தொடரச் சொன்னால் விட்ட பேக்கேஜை முதலிலிருந்து ஆரம்பிக்கும், பெரியது என்றால் வயிறு எரியும். எமெர்ஜுக்குப் பதில், ஒரே பேக்கேஜைக் கையாளும் ஈபில்ட் கட்டளையை நேரடியாகக் கொடுத்தால் விட்ட இடத்திலிருந்தே தொடரலாம், ஆனால் கரண்ட் போன நொடியில் எழுதிக்கொண்டிருந்த ஆப்ஜெக்ட் ஃபைல் (கம்பைலான ஒரு துண்டு) அரைகுறையாக இருந்து, துண்டுகளை இணைக்கும் லிங்கர் 'ஃபைல் ட்ரன்கேட்டட்' என்று முரண்டு பிடிக்கும். அந்த ஒன்றை மட்டும் அழித்துவிட்டுத் திரும்ப ஓட்டுங்கள்.

ஃபயர்ஃபாக்ஸ், லிப்ரே ஆபிஸ், ரஸ்ட் (ஒரு நிரல்மொழியின் கம்பைலர்) மூன்றுக்கும் தயாராகக் கம்பைல் செய்த பதிப்பே இருக்கிறது, வீம்புக்கு மூலநிரலில் இறங்க வேண்டாம். 2023 டிசம்பர் கடைசியிலிருந்து மற்றப் பேக்கேஜ்களில் பலவற்றையும் அப்படியே எடுக்க வழி செய்திருக்கிறார்கள். 8 ஜிபி ரேமும் ஓரளவு நின்று பிடிக்கும் பேட்டரியும் இல்லாதவர்கள் அந்த வழியிலேயே போகலாம், அதுவும் சிரமம் என்றால் எல்லாம் தயாராக வரும் டெபியன் லினக்ஸ் போடுங்கள்.

டேட்டாவுக்கு ஒரு வழி: எமெர்ஜிடம் இறக்க வேண்டியவற்றின் முகவரிகளை மட்டும் பட்டியலாகக் கேட்டு, அதை ஃபைபர் இருக்கும் யாரிடமாவது கொடுத்தால் போதும். நான் பண்டாரவளையில் இருக்கும் மச்சானிடம் அனுப்புவேன், அவன் பென் டிரைவில் போட்டுத் தருவதை எமெர்ஜ் மூலநிரல்களைத் தேடும் டிஸ்ட்ஃபைல்ஸ் ஃபோல்டரில் கொட்டிவிட்டு ஓட்டினால் ஒரு எம்பி கூடச் செலவாகாது.