புகாரா, வழக்கா?

மலேசியாவில் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புறப் பட்டணங்களில், மகனைக் காரணமில்லாமல் லாக்கப்பில் வைத்து வெளியே விட்ட பிறகு பெற்றோர் கேட்பது இதுதான்: 2023 முதல் இயங்கும் சுயேச்சை போலீஸ் நடத்தை ஆணையத்தில் புகார் கொடுப்பதா, கோர்ட்டுக்குப் போவதா?

செலவு: புகாருக்குக் காசில்லை, வக்கீலும் தேவையில்லை. வழக்கென்றால் பெரும்பாலும் இரண்டும் வேண்டும்.

பலன்: கோர்ட் நஷ்டஈடு தரச் சொல்லலாம். ஆணையமோ விசாரித்துப் பரிந்துரைக்கும், அவ்வளவுதான். ஒழுங்கு நடவடிக்கை போலீஸ் படை ஆணையம் என்ற வேறோர் அமைப்பின் கையில். இது பெரிய ஓட்டை, அடைத்தே ஆக வேண்டும்.

கெடு: வழக்குக்கு 36 மாதம். தோட்டத்து ஆட்கள் பலர் கோட்டை விடுவது இங்கேதான்.

எந்தப் பக்கம் போனாலும் எழுத்தில் இருப்பதுதான் நிற்கும். பிடித்த நேரம், குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 28ஏ பிரிவின்படி காரணம் சொன்னார்களா, வீட்டுக்குப் பேச விட்டார்களா, 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்தினார்களா என்பதையெல்லாம் அன்றைக்கே குறித்து வையுங்கள். அடிபட்டிருந்தால் அரசு மருத்துவமனைச் சீட்டு முக்கியம்.

அதிகாரி மேல் நடவடிக்கைதான் வேண்டுமென்றால் புகார். சம்பளமோ உடம்போ போயிருந்தால் வழக்கு. பிள்ளை இன்னும் உள்ளேதான் என்றால் இரண்டும் அப்புறம். ரிமாண்டுக்கு இலவச வக்கீல் தரும் தேசிய சட்ட உதவி அறநிறுவனத்தை உடனே கூப்பிடுங்கள்.