ஜாக்சன் துரை காட்சி எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது? – ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ (1959)

வரி கேட்கும் ஆங்கிலேயக் கலெக்டர் ஜாக்சனைக் கட்டபொம்மன் எதிர்த்துப் பேசும் காட்சிக்கு மதுரைப் பக்கத்துப் பள்ளி ஆண்டுவிழாக்களில் இன்றும் கிராக்கி உண்டு. ஒட்டுமீசையும் அட்டைக் கத்தியுமாக மேடையேறும் பிள்ளைகள் முதல் வரியிலேயே தொண்டையைக் கிழித்துக்கொள்கிறார்கள். மஞ்சள் அரைக்கும் இடம் வருவதற்குள் குரல் கம்மிவிடுகிறது. சொல்லிக்கொடுப்பவர்கள் பி. ஆர். பந்துலுவின் படத்தை இன்னொரு முறை பொறுமையாகப் பார்க்க வேண்டும்.

சக்தி கிருஷ்ணசாமியின் வசனம் முதலில் சிவாஜி நாடக மன்றத்துக்காக எழுதப்பட்டது. 1957-இல் அரங்கேறி, ஊர் ஊராக மேடையில் அடிபட்ட பிறகுதான் படமானது. எங்கே மூச்சு வாங்குவது, எங்கே கைதட்டலுக்கு இடம் விடுவது என்பதெல்லாம் வரிக்குள்ளேயே இருப்பது அதனால்தான்.

துரை “நீர்தானோ” என்று கேட்க, கட்டபொம்மன் அதே கேள்வியை அதே அளவில் திருப்பிக் கொடுக்கிறார். மரியாதைக்கு மரியாதை, அவ்வளவுதான். கிஸ்தி, அதாவது வரி, பற்றிய பேச்சு முற்றியதும் ‘நீர்’ போய் ‘நீ’ வருகிறது. அதற்குப் பிறகு அடுக்கும் கேள்விகளில் பல இரண்டு மூன்று சொற்களில் முடிபவை. வயலில் தொடங்கி, நடவு, களை, கஞ்சிக் கலயம் என்று போய், வீட்டுப் பெண்களின் மஞ்சளைத் தொட்டு, மாமன் மச்சான் முறையில் வந்து நிற்கிறது வரிசை. உழைப்பிலும் பங்கில்லை, உறவிலும் இல்லை, பிறகு என்ன உரிமையில் வரி? தாய்மாமன் சீருக்குச் சபையில் தனி இடம் தரும் நம் ஊர்க்காரர்களுக்கு அந்தக் கடைசிக் கேள்வி சுருக்கென்று தைக்கும். சிவாஜி ஒவ்வொரு கேள்விக்கும் கொஞ்சம் கொஞ்சமாக ஏறி, முழுக் குரலையும் அதன் பின்னால் வரும் வசைக்கென்று வைத்திருக்கிறார். சிறுவயதில் யதார்த்தம் பொன்னுசாமிப் பிள்ளையின் மதுரை ஸ்ரீ பாலகான சபாவில் சேர்ந்தவர். கம்பெனி நாடக வளர்ப்பு அந்த மூச்சில் தெரிகிறது. 1960-இல் கெய்ரோ ஆசிய-ஆப்பிரிக்கப் படவிழாவில் சிறந்த நடிகர் விருது அவருக்கு வந்ததில் வியப்பே இல்லை. ஜி. ராமநாதனின் இசைக்கும் அங்கே விருது கிடைத்தது.

எதிரே துரையாக நிற்கும் சி. ஆர். பார்த்திபனைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். அவரும் பதிலுக்குக் கத்தியிருந்தால் காட்சி சந்தைக்கடையாகியிருக்கும். அவர் அதிகாரத்தோடு அளவாகப் பேசுவதால்தான் சிவாஜிக்கு ஏற இடம் கிடைக்கிறது.

குறைகளும் உண்டு. 1798-இல் இராமநாதபுரத்தில் நடந்த சந்திப்பு வரலாறுதான், வசனம் கற்பனை. பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை மண்கோட்டை. வெள்ளைக்காரப் பீரங்கிக்கு அது தாக்குப்பிடித்ததே பெரிய செய்தி. ஜெய்ப்பூரில் எடுத்த கற்கோட்டைக் காட்சிகளில் அந்தப் பெருமை காணாமல் போகிறது. ஜெமினி கணேசன், பத்மினியின் காளை அடக்கும் பகுதி அலங்காநல்லூர் பார்த்த கண்ணுக்கு வெறும் அலங்காரம்தான். நீளமும் அதிகம்.

கட்டபொம்மனைத் தூக்கிலிடும் கயத்தாறு காட்சிகளில் படம் மறுபடி நிமிர்கிறது. 1799 அக்டோபரில் தூக்கிலிட்ட பின் ஆங்கிலேயப் படைத் தளபதி பானர்மேன் எழுதிய கடிதத்தில், கட்டபொம்மன் அஞ்சாமல் நடந்ததும் சுற்றியிருந்த பாளையக்காரர்களை இகழ்ச்சியாகப் பார்த்ததும் பதிவாகியிருக்கின்றன. கடைசி நடையில் சிவாஜி காட்டும் நிமிர்வு அதோடு ஒத்துப்போகிறது. அங்கே வசனத்தை இன்னும் குறைத்திருக்கலாம். அந்தப் பார்வையே போதும்.

2015-இல் டிஜிட்டலில் சீரமைத்து மீண்டும் வெளியிட்ட பிரதியைத் தேடிப் பாருங்கள். மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓடும் படம் என்பதால் வெட்டிய பிரதிகளும் உலவுகின்றன. செல்போன் ஸ்பீக்கரில் கேட்டால் தாழ்ந்த குரல் அமுங்கி, கத்தல் மட்டும்தான் காதில் விழும். பிள்ளைகளுக்குப் பழக்குபவர்கள் முதல் நான்கு வரியைச் சாதாரணப் பேச்சுக் குரலில் சொல்லவையுங்கள். கேள்வி அடுக்கில் இரண்டு கேள்விக்கு ஒரு மூச்சு என்று பிரித்துக் கொடுத்தால் கடைசி வரி வரைக்கும் குரல் நிற்கும்.