ஜன்னலுக்கும் சுவருக்கும் நடுவே ஒரு விரற்கடை

தக்கலைப் பக்கம் மைத்துனன் வீடு கட்டிக்கொண்டிருக்கிறான். சுவர் லிண்டல் மட்டம் வந்துவிட்டது. போன வாரம் தொலைபேசியில் அழைத்து, "அத்தான், இரட்டைக் கண்ணாடி ஜன்னல் போடலாமா, வேண்டாமா? ஒரே வார்த்தையில் சொல்லுங்கள், கொத்தனார் பக்கத்தில் நிற்கிறார்" என்றான். அன்று காலையில்தான் எங்கள் படுக்கையறை ஜன்னலைச் சுற்றிச் சுரண்டி எடுத்த குப்பையை முறத்தில் அள்ளி வெளியே கொட்டியிருந்தேன். அந்தச் சூட்டில் வாயைத் திறந்தால் அவனுக்கும் நஷ்டம், கொத்தனாருக்கும் மரியாதைக் குறைவு. "எழுதி அனுப்புகிறேன்" என்று சொல்லி வைத்துவிட்டேன். எழுத உட்கார்ந்த பிறகும் சூடு முழுதாக ஆறவில்லை.

எங்கள் வீடு கன்னியாகுமரி மாவட்டத்துத் தோவாளையில். 2019இல் பால் காய்ச்சினோம். மொத்தம் ஏழு யுபிவிசி ஜன்னல்கள், அதாவது கெட்டிப் பிளாஸ்டிக் சட்டம் போட்டவை. மேற்குப் பார்த்த படுக்கையறைக்கும் மாடி அறைக்கும் மட்டும் இரட்டைக் கண்ணாடி, மற்ற ஐந்துக்கும் 5 மில்லிமீட்டர் ஒற்றைக் கண்ணாடி. மரம் வேண்டாம் என்று முடிவெடுத்ததற்கு ஒக்கிப் புயல்தான் காரணம். 2017 நவம்பர் கடைசியில் அது மாவட்டத்தைப் புரட்டிப் போட்ட இரவில், பழைய வீட்டின் அயினிப் பலகை ஜன்னல் கதவு ஒன்று கீலோடு பிய்ந்து முற்றத்தில் கிடந்தது. இனி அடைத்தால் அடைபட்டு நிற்கிற ஜன்னல்தான் என்று அன்றைக்கே சொல்லிவிட்டேன்.

விற்பனைக்கு வந்த பையன் ஒரு வண்ணப் புத்தகம் காட்டினான். கூரையெல்லாம் பனி மூடிய வீடு, உள்ளே கம்பளிச் சட்டை போட்ட குடும்பம், மேலே "வெப்ப இழப்பை இனித் தடுக்கலாம்" என்று கொட்டை எழுத்து. தோவாளையில் வெப்பத்தை இழக்க ஒரு வழி கிடைத்தால் காசு கொடுத்தாவது இழந்துவிடுவோம் என்று அப்போதே எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. உள்ளே இருக்கும் சூட்டை வெளியே விடாத ஜன்னல், வெளியே இருக்கும் சூட்டையும் உள்ளே விடாதுதானே என்று நினைத்தேன். அது பாதி உண்மை. மீதிப் பாதிக்குத்தான் பணம் போனது.

கணக்கைச் சொல்லிவிடுகிறேன், மைத்துனன் கணக்கு வாத்தியார். உள்ளுக்கும் வெளிக்கும் ஒரு டிகிரி வித்தியாசம் இருந்தால், ஒரு சதுர மீட்டர் ஒற்றைக் கண்ணாடி வழியாக ஏறக்குறைய 5.7 வாட் வெப்பம் கடக்கும். நடுவே காற்றுள்ள சாதாரண இரட்டைக் கண்ணாடியில் அது 2.8 வாட் அளவுக்குக் குறையும். பாதிக்குப் பாதி, கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் வெளியே 33, ஏசி அறைக்குள் 25 என்றால் வித்தியாசம் 8 டிகிரிதான். ஐந்தடிக்கு நாலடி ஜன்னலில் மிச்சப்படுவது நாற்பது வாட்டுக்குக் கொஞ்சம் மேலே. பனி கொட்டும் ஊரில் வித்தியாசம் முப்பது டிகிரி, இரவு பகலாக. அவர்களுக்கு அது பெரிய மிச்சம்.

இனி சாயங்காலம் நாலு மணிக்கு அதே கண்ணாடியில் நேரடி வெயில் விழுவதைப் பார்ப்போம். சதுர மீட்டருக்கு 500 வாட் என்று வைத்தாலும், நிறமில்லாத இரட்டைக் கண்ணாடி அதில் எழுபது சதவீதத்தை உள்ளே அனுப்பிவிடும். ஒற்றைக் கண்ணாடி எண்பதுக்குச் சற்று மேலே. ஆக அந்த ஒரு ஜன்னல் வழியாக 650 வாட் அறைக்குள் இறங்குகிறது. சிறிய இஸ்திரிப் பெட்டி ஒன்றைச் சூடாக்கி ஜன்னல் படியில் வைத்துவிட்டு, எதிர்ச்சுவரில் ஏசியை ஓடவிட்ட கதை. வெயிலைத் திருப்பி அனுப்பும் பூச்சு உள்ள கண்ணாடி வேறு. அதைப் போட்டால் உள்ளே வருவது பாதிக்கும் கீழே இறங்கும். அந்தப் பையன் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. நானும் கேட்கவில்லை.

நியாயமும் பேச வேண்டும். இந்தக் கண்ணாடியில் நான் எதிர்பார்க்காத சுகம் ஒன்று இருக்கிறது, சத்தமின்மை. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக ஆனி, ஆடியில் வரும் காற்றை வெளியூர்க்காரர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. முப்பந்தலில் அத்தனை காற்றாலைகளைச் சும்மா நட்டு வைக்கவில்லை. தென்னை மட்டை அடித்துக்கொள்ளும், தகரம் எங்கோ கடகடக்கும், இதெல்லாம் இரவு முழுக்க. படுக்கையறை ஜன்னலை அடைத்துக் கைப்பிடியைத் திருப்பினால் அந்த ஆரவாரம் அப்படியே அடங்கும். என் மாமனார் ஒரு ஆடி மாதம் வந்து தங்கிவிட்டு, "இந்த அறையில் படுத்தால் வேறு ஊரில் படுத்தது போல இருக்கிறது மருமகனே" என்றார். சிறிய விஷயத்துக்கெல்லாம் பாராட்டுகிறவர் அல்ல அவர்.

அந்த அமைதிதான் வினையாக வந்தது. மற்ற சத்தமெல்லாம் நின்றதால், மிச்சமிருந்த ஒரு சத்தம் மட்டும் துல்லியமாகக் கேட்டது. காலிப் பாட்டில் வாயில் யாரோ ஊதுவது போல, மெல்லிசாக, ஓயாமல். முதல் இரண்டு வருடம் ரப்பர் பீடிங், அதாவது ஓரத்தை இறுக்கும் ரப்பர் பட்டை, சரியில்லை என்று நினைத்தேன். பொருத்திக் கொடுத்தவர்கள் இரண்டு தடவை வந்து கைப்பிடியை முறுக்கிவிட்டுப் போனார்கள். மூன்றாம் வருடம் ஆடி வெள்ளிக்குப் பூஜை முடிந்து, ஊதுபத்தியைக் கையில் பிடித்தபடியே அறைக்குள் வந்தேன். ஜன்னலின் வலது கீழ்மூலைப் பக்கம் போனதும் புகை மேலே ஏறாமல் மடங்கி, படுக்கை வாட்டமாக அறைக்குள் நீண்டது. கதவுக்கும் சட்டத்துக்கும் நடுவில் பிடித்துப் பார்த்தேன், புகை அசையவில்லை. சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவில் பிடித்தால் மறுபடியும் மடங்கியது. கண்ணாடிக்கும் ரப்பருக்கும் கொட்டிய பணமெல்லாம் சட்டத்துக்கு உள்ளே இருந்தது. காற்று சட்டத்தைச் சுற்றிக்கொண்டு வந்தது.

அந்த இடைவெளி இருந்தே ஆக வேண்டும். தொழிற்சாலையில் வெட்டி வந்த சட்டம் செங்கல் வாய்க்குள் நுழைய நாலு பக்கமும் கால் அங்குலமாவது விட வேண்டும், அதைப் பீய்ச்சினால் பொங்கி இறுகும் ஃபோம் அடித்து நிரப்ப வேண்டும், வெளிப்பக்கம் சிலிக்கான் பசை போட்டு மூட வேண்டும். எங்கள் சுவரின் வாய் தூக்குக் குண்டுக்கு நிற்கவில்லை. மேலே இடது மூலையில் அஞ்சலட்டை நுழையாது. கீழே வலது மூலையில் என் கட்டைவிரல் போனது. கொத்தனாரிடம் கேட்டேன். "சுவர் நேர்தான் சார், சட்டம்தான் கோணல்." பொருத்தியவர்களிடம் கேட்டேன். "சட்டம் மெஷின் வெட்டியது சார், அது எப்படிக் கோணும்?" இரண்டு பேருடைய மதிப்பீட்டுத் தாளையும் எடுத்து வைத்து வரிவரியாகப் பார்த்தேன். சுவருக்கு வரி இருக்கிறது, ஜன்னலுக்கு வரி இருக்கிறது. நடுவே இருக்கும் அந்த விரற்கடைக்கு ஒருவர் தாளிலும் வரி இல்லை.

போன வாரம் நானும், தெருமுனையில் இருக்கும் வயதான கொத்தனார் ஒருவரும் ஹேக்ஸா பிளேடை வைத்து அந்த ஃபோமைத் தோண்டினோம். வெயில் பட்ட பக்கம் மஞ்சளேறி, பழைய ரஸ்க் போல விரலுக்குள் உதிர்ந்தது. அந்த ஃபோமுக்கு வெயில் ஆகாது. அடித்துக் காய்ந்ததுமே மூடிவிட வேண்டும். எங்கள் வீட்டில் பெயிண்டர் வரத் தாமதமாகி மூன்று மாதம் திறந்து கிடந்தது, யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. முன்பக்கம் ஓரங்குலம் ஆழத்துக்குத்தான் ஃபோம். அதற்குப் பின்னால் சுருட்டித் திணித்த சிமெண்டுச் சாக்குத் துண்டு, ஒரு பீடித் துண்டு, மீதி வெறும் பொந்து. கீழ்ப்பக்கம் பிளேடை விட்டதும் எறும்புகள் கொட்டின. ஃபோமுக்குள் சுரங்கம் போட்டுக் குடித்தனமே நடத்தியிருக்கின்றன. நொய்யரிசி போல வெள்ளை முட்டைகளை வாயில் கவ்விக்கொண்டு என் கை மேலேயே ஓடின. வெப்பம் தடுக்கும் அறை அவற்றுக்காவது கிடைத்திருக்கிறது.

ஏசி போட்ட அறைக்கு இந்தப் பொந்து இரட்டை நஷ்டம். நம் ஊர்க் காற்று வெறும் சூடு மட்டுமா, நனைத்த துணி. உள்ளே வரும் ஈரத்தையும் சேர்த்துப் பிழிந்து குழாய் வழியாகச் சொட்டவிட்ட பிறகுதான் இயந்திரம் குளிரைத் தரும். ஓட்டை அடைத்தபின் மின்கட்டணம் குறையுமா என்று கேட்காதீர்கள். மகள் விடுதிக்குப் போனதும் இதே மாதத்தில்தான். குறைந்தால் யார் கணக்கில் எழுதுவது என்று தெரியாமல் இருக்கிறேன். அறை முன்னைவிடச் சீக்கிரம் குளிர்கிறது. ஊதுவது நின்றுவிட்டது. அவ்வளவு உறுதியாகச் சொல்வேன்.

மழைக் கதை வேறு. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென்மாவட்டங்களில் கொட்டியதே, அன்று கூடத்து ஸ்லைடிங் ஜன்னலின் கீழ்த் தடத்தில் தண்ணீர் தொட்டி போல நிரம்பி உள்ளே வழிந்தது. தடத்தில் தண்ணீர் வெளியேறச் சிறிய துளைகள் உண்டு. ஒன்றைக் குளவி மண் வைத்து அழகாகப் பூசியிருந்தது. மற்றதைப் பொருத்தியவர்களே சிலிக்கானால் பூசியிருந்தார்கள். குளவியை மன்னித்துவிட்டேன்.

இப்போது செய்த வேலை இது. பழையதை முழுதாகச் சுரண்டினோம். கட்டைவிரல் போன மூலையை முதலில் சிமெண்டுக் கலவை வைத்துச் சிறிதாக்கினோம். காய்ந்ததும் பொந்தில் தண்ணீர் தெளித்து, ஈரத்தின்மேல் பின்பக்கத்திலிருந்து முன்னோக்கி ஃபோம் அடித்தோம். ஈரம் இருந்தால்தான் அது ஒழுங்காக இறுகும். மறுநாள் துருத்தியதைச் சீவி, அதன்மேல் சிலிக்கான். இதிலும் ஒரு சூட்சுமம். காடி வாசம் அடிக்கிற சிலிக்கான் சிமெண்டில் நிற்காது, ஓரம் உரிந்து வந்துவிடும். வாசமில்லாத, நியூட்ரல் வகையைக் கேட்டு வாங்க வேண்டும். வெளிப்படியை வெளிப்பக்கம் சரிவாகத் திரும்பப் பூசினோம். கூலியும் பொருளும் சேர்த்து அந்த ஒரு ஜன்னலுக்கு 2,800 ரூபாய். இரட்டைக் கண்ணாடிக்குக் கூடுதலாகக் கொடுத்ததோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமே இல்லை. அதனால்தான் கோபம் அதிகம்.

இவ்வளவு செய்தும் நாலு மணி வெயில் நாலு மணிக்குத்தான் வருகிறது. இரண்டடி சன்ஷேடு உச்சி வெயிலுக்குச் சரி, சாய்ந்த வெயில் அதற்குக் கீழே புகுந்து கட்டில்வரை வந்துவிடும். வடக்கு ஜன்னலுக்குச் சன்ஷேடு வேண்டாம் என்று கொத்தனார் சொன்னால் மைத்துனன் நம்ப வேண்டாம். நாம் இருப்பது எட்டு டிகிரி அட்சத்தில். ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்ட் கடைசிவரை நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே நிற்கிறது. நான் முதலில் மேற்கு ஜன்னலுக்கு வெளியே மூங்கில் தட்டி கட்டினேன். இரண்டாம் ஆடியில் அது பறந்து பிச்சிப்பூத் தோட்டத்தில் விழுந்தது. பிறகு ஆசாரியை வைத்து, சாய்த்து அடுக்கிய மரச்சட்டங்களால் ஒரு நிலையான மறைப்பு. வெயில் கண்ணாடியைத் தொடும் முன்பே நின்றுவிடுகிறது. உள்ளே திரை போட்டால் சூடு அறைக்குள் வந்த பிறகுதானே திரையைத் தொடும்? தக்கலையில் வீடு கட்டுகிறவனுக்கு இதை நான் சொல்லவே வேண்டாம். பக்கத்திலேயே பத்மநாபபுரம் அரண்மனை இருக்கிறது. ராஜா ஆலோசனை நடத்திய மந்திரசாலைக்குள் சித்திரை மத்தியானத்தில் போய் நின்று பார்க்கட்டும்: மரச்சட்ட ஜன்னல்கள், இடையில் நிற மைக்கா, உள்ளே இருட்டும் குளிர்ச்சியும். ஒரு கண்ணாடி விற்பனையாளரும் அங்கே வந்ததாகத் தெரியவில்லை.

மாடி அறைக் கண்ணாடியைச் சொல்ல மறந்துவிட்டேன். ஐந்தாம் வருடம் இரண்டு கண்ணாடிக்கும் நடுவே பனி மூட்டம் போல ஈரம் படிந்தது. ஓர ஒட்டு விட்டுப்போனால் அப்படி ஆகும். வேலைக்கு வரும் அக்கா உள்ளிருந்தும் வெளியிலிருந்தும் நாலு நாள் துடைத்துவிட்டு, "அழுக்கு நடுவில் இருக்கிறது சார்" என்று துணியை என்னிடம் கொடுத்துவிட்டார். முழுக் கண்ணாடியையும் மாற்ற வேண்டுமாம். மாற்றவில்லை.

ஆக, மைத்துனனுக்கு: இரட்டைக் கண்ணாடி வேண்டாம். உன் ஊரில் எங்கள் காற்று இல்லை, மழைதான் கூடுதல். ஒற்றைக் கண்ணாடி, திறந்து மூடும் வகை, மேற்கே வெளியில் மரச்சட்டம். மிச்சப் பணத்தை அந்த விரற்கடைக்கு வை; யார் அடைப்பது, எப்போது அடைப்பது என்று தாளில் ஒரு வரி எழுதிக் கொத்தனாரையும் ஜன்னல்காரரையும் ஒரே நாளில் ஜன்னல் வாயில் நிறுத்திக் கையெழுத்து வாங்கு. நான் மட்டும் அடுத்த மாதம் மாடி அறைக்கு அதே இரட்டைக் கண்ணாடியைத்தான் திரும்ப வாங்கப் போகிறேன். ஆடியில் நான் தூங்க வேண்டும்.

சமையலறை ஜன்னலை இன்னும் தோண்டவில்லை. சர்க்கரை டப்பாவிலிருந்து கிளம்பும் எறும்பு வரிசை, படிக்கல்லில் ஏறி, சட்டத்தின் ஓரத்தில் ஒரு மூலையில் போய் மறைகிறது.