காலியும் ஜீரோவும் ஒன்னா தெரியுற பில்லிங் சாப்ட்வேர்: ரெண்டு ஸ்டார் தான்

ஆற்காட்டுல ஒரு ஸ்வீட் கடைக்கு கணக்கு பாக்குறேன், காட்பாடி, குடியாத்தம்னு இன்னும் ரெண்டு பிராஞ்ச் இருக்கு. ஒன்றரை வருஷமா ஒரு பில்லிங் சாப்ட்வேர் ஓடுது, பேரு வேணாம். பில் அடிக்கிறது, பார்கோடு, தராசு கனெக்ஷன் எதுலயும் குறை இல்ல. பிரச்சனை எல்லாம் ரிப்போர்ட்டுல தான்.

போன மாசம் காட்பாடில நெட் போய் ரெண்டு நாள் பில்லு சர்வருக்கு ஏறல. அந்த வார ரிப்போர்ட்டுல அந்த ரெண்டு நாளும் மக்கன் பேடாவுக்கு நேரா 0.00னு வந்துச்சு. மீதி 5 நாளும் தினம் 21 கிலோ போயிருக்கு, மொத்தம் 105, அத 7ஆல வகுத்து சராசரி 15னு காட்டிச்சு. ஓனர் பாத்துட்டு "இன்னாப்பா, காட்பாடில பேடா போவலயா, 15 கிலோ அனுப்பு போதும்"னுட்டாரு. மறுநாள் சாயங்காலம் 5 மணிக்கே ட்ரே காலி, பிராஞ்ச் பையன் போன் போட்டு "அண்ணா, கஸ்டமருங்க திட்றாங்கண்ணா"ன்றான்.

விக்கலன்றது வேற, கணக்கு வரலன்றது வேற. ஜிஎஸ்டில வியாபாரமே இல்லாத மாசத்துக்கும் 3பி ரிட்டர்ன் (மாச வரி கணக்கு) போட்டாகணும், 'நில்'னு, அதாவது வியாபாரம் இல்லன்னு போட்டா பிரச்சனை இல்ல, போடாம விட்டா ஒரு நாளைக்கு 20 ரூபா லேட் ஃபீ ஏறும். எக்ஸல்ல ஆவரேஜ் போட்டா கூட காலி செல்ல விட்டுடும், 0 இருந்தா தான் சேத்து எண்ணும். ஆனா இது எக்ஸ்போர்ட் பண்றப்பவே காலி இடத்துல 0 எழுதி தான் குடுக்குது, அப்புறம் எங்க போய் கண்டுபுடிக்கிறது.

சப்போர்ட்டுல கேட்டா, ஜீரோவ டேஷா காட்ட செட்டிங்ஸ்ல ஒரு டிக் இருக்கு சார்ன்னாங்க. போட்டு பாத்தா ரெண்டுமே டேஷ் ஆயிடுச்சு! ஆனா கஸ்டமர் திருப்பிக் குடுத்த சரக்க காட்டுற வரிசைக்கு அது உதவுச்சு, முன்ன பக்கம் பூரா 0.00 அடுக்கி நிக்கும், நடுவுல ஒரு 340 இருந்தா கண்ணுலயே படாது.

குடியாத்தம் கடை திறந்தே 5 மாசம் தான் ஆவுது, அதுக்கு போன வருஷத்த விட வளர்ச்சி 0%னு போடுது. போன வருஷம் கடையே இல்லையேப்பா.

இப்போதைக்கு தினம் ராத்திரி பிராஞ்ச் பசங்க கிட்ட எத்தினி பில்லுன்னு வாட்ஸ்அப்ல கேட்டு நோட்டுல குறிச்சிக்கிறேன். ஒரே கடைன்னா தாராளமா வாங்கலாம். பிராஞ்ச் இருந்தா டெமோ காட்டும்போதே ஒரு நாள் என்ட்ரி போடாம விட்டு, இன்னொரு நாள் நெஜமாவே ஜீரோ போட்டு, ரிப்போர்ட் எடுத்து காட்ட சொல்லுங்க.