எனிமா கேன்: பாத்திரம் நல்ல பாத்திரம், அந்தத் திருகுதான் உயிரை வாங்குகிறது

டியூப் மாற்றிய கையோடு எழுதுகிறேன். "வீட்டில் ஒரு எனிமா கேன் வாங்கி வைக்கலாமா?" என்று நண்பர் கேட்டதும் ஒரு காரணம். மலத்தை வெளியேற்ற ஆசனவாய் வழியாகத் தண்ணீர் ஏற்றுவதுதான் எனிமா. ஒன்றரை லிட்டர் ஸ்டீல் கேன், நீள டியூப், முனையில் உள்ளே செருகும் நாசில், நாசிலை ஒட்டித் தண்ணீரைத் திறந்து மூட ஒரு பிளாஸ்டிக் திருகு. அமைப்பு எல்லாருக்கும் தெரிந்ததுதான், அதனால் நேராகத் திருகுக்கு வருகிறேன்.

எனிமா எடுப்பவர் இடப்பக்கம் ஒருக்களித்துப் படுத்து, வலது முழங்காலை மார்பை நோக்கி மடக்கிக்கொள்ள வேண்டும். பெருங்குடலின் கடைசி வளைவு இடப்பக்கம் இருப்பதால் தண்ணீர் தானாக அங்கே இறங்கும். நாசில் உள்ளே போனதும் திருகு எங்கே இருக்கிறது? முதுகுக்குப் பின்னால், கண்ணுக்குத் தெரியாத இடத்தில். அதைத் திருப்ப இரண்டு விரல் பிடி வேண்டும், விரலிலோ நாசில் வழுக்கி இறங்கத் தடவிய ஜெல்லியும் ஈரமும். தண்ணீர் பாதி இறங்கும்போது வயிறு சுருட்டிப் பிடிக்கும். அந்த நொடியே ஓட்டத்தை நிறுத்தியாக வேண்டும். ஆனால் திருகு வழுக்கும். அழுத்தித் திருப்பினால் நாசிலும் கூடவே திரும்பும், அல்லது மலக்குடல் சுவரில் போய் இடிக்கும். மலக்குடலின் உட்சுவர் மென்மையானது. வயதானவர்களுக்கு அது கிழிந்து ஓட்டை விழுந்த சம்பவங்கள் மருத்துவத்தில் பதிவாகியிருக்கின்றன. அப்படிப்பட்ட இடத்தில் இப்படி ஒரு திருகை வைத்து விற்பது பொறுப்பில்லாத வேலை.

தீர்வு எளிது. ஒரு கையால் அமுக்கினால் "டிக்" என்று மூடிக்கொள்ளும் பிளாஸ்டிக் கிளாம்ப் ஒன்றைத் தனியாக வாங்கி, நாசிலிலிருந்து சுமார் 60 செ.மீ. தள்ளி டியூபில் மாட்டுங்கள். படுத்திருக்கும்போது அது நெஞ்சுக்கு முன்னால் வந்து நிற்கும். திருகை முழுக்கத் திறந்து விட்டுவிட்டு எல்லாவற்றையும் கிளாம்பிலேயே செய்யலாம். சில கிளாம்புகளை டியூபின் முனை வழியாகக் கோத்துத்தான் ஏற்ற முடியும். டியூபைக் கேனில் செருகும் முன்பே அதைப் போட்டுவிடுங்கள்.

அடுத்தது உயரம். கேனில் கொக்கி இருக்கிறதே என்று ஷவர் குழாயில் மாட்டுகிறார்கள். இடுப்பிலிருந்து தண்ணீர் மட்டம் 30 முதல் 45 செ.மீ. உயரத்தில் இருந்தால் போதும். ஒன்றரை மீட்டர் உயரத்தில் தொங்கவிட்டால் அழுத்தம் மூன்று மடங்குக்கு மேல் ஏறுகிறது. சுருட்டிப் பிடிப்பதும், தண்ணீர் நிற்காமல் உடனே வெளியே பீறிடுவதும் அதனால்தான். தரையில் படுத்து, ஒரு குட்டை ஸ்டூலின் மேல் கேனை வைத்தாலே கணக்குச் சரியாகிவிடும். கொக்கி தேவையே இல்லை.

தண்ணீர் உடல் சூட்டில், 37 முதல் 40 டிகிரி செல்சியஸுக்குள் இருக்க வேண்டும். கேனில் கை விட்டுப் பார்த்தால் போதாது. நாசில் வழியாகக் கொஞ்சம் விட்டு மணிக்கட்டின் உட்புறத்தில் தொட்டுப் பாருங்கள். அப்படி விடும்போதே டியூபில் உள்ள காற்றும் வெளியேறிவிடும். குமிழ் நின்றதும் கிளாம்பை மூடுங்கள். கொதிக்கவைத்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீருக்கு 9 கிராம் உப்பு, தலைதட்டி ஒன்றரை டீஸ்பூன். வெறும் தண்ணீரைத் திரும்பத் திரும்ப ஏற்றினால் குடல் அதை உறிஞ்சி ரத்தத்தில் சோடியம் குறையும். சோப்புத் தண்ணீர் குடலின் உட்சுவரைப் புண்ணாக்கும். காபி, எலுமிச்சை, ஹைட்ரஜன் பெராக்சைடு எதுவும் வேண்டாம்.

கேன் ஒன்றரை லிட்டர் என்பதற்காக நிரப்ப வேண்டியதில்லை. பெரியவர்களுக்கு அரை லிட்டரில் தொடங்கலாம். நாசில் நுனியில் ஜெல்லி தடவி, மூச்சை மெதுவாக வெளியே விட்டபடி 7 முதல் 10 செ.மீ. தொப்புளை நோக்கிய கோணத்தில் விடுங்கள். தடை தட்டினால் தள்ளாதீர்கள். தண்ணீர் இறங்கவில்லையென்றால் நாசிலின் வாயில் மலம் அடைத்திருக்கும். ஒரு விரல்கடை பின்னால் இழுத்தால் ஓடும். டியூப் ரப்பராக இருந்தால் வாஸ்லின் கூடாது, எண்ணெய்ப் பிசுக்கு ரப்பரை அரித்து உப்பவைக்கும். தண்ணீரில் கரையும் ஜெல்லியே நல்லது. 5 முதல் 10 நிமிடம் அடக்கி வைத்திருந்துவிட்டுக் கழிப்பறைக்குப் போகலாம்.

ஸ்டீலில் ஒரே குறை, மட்டம் வெளியே தெரியாது. கேன் காலியாகும்போது அதன் அடியில் உள்ள குழாயில் களகளவென்று சத்தம் வரும். அதற்கு முன்பே மூடிவிட வேண்டும், இல்லையென்றால் காற்று ஏறி வயிறு உப்பும். மற்றபடி கழுவுவதற்கு இதைப்போல் வேறில்லை. மூலை முடுக்கு கிடையாது, வெந்நீர் தாங்கும், நாற்றம் தங்காது.

டியூப் கெடுவதற்குக் காரணம் பெரும்பாலும் கிளாம்பை மூடியபடியே வைத்துவிடுவது. அழுந்திய இடம் தட்டையாகி ஒட்டிக்கொள்ளும், பிறகு அங்கேதான் வெடிப்பு விடும். சோப்புத் தண்ணீரும் வெந்நீரும் ஓடவிட்டு, கிளாம்பைத் திறந்து, இரண்டு முனையும் கீழே தொங்க உலர்த்துங்கள். நாசில் ஆளுக்கொன்று, பகிரவே கூடாது.

எனிமா காலி செய்வது பெருங்குடலின் கடைசிப் பகுதியை மட்டும். அஜீரணம், நெஞ்செரிச்சல், "நச்சு நீக்கம்" எதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. எடுத்த பிறகு ஓரிரு நாள் மலம் வராமல் இருப்பது இயல்பு, கீழே ஒன்றும் மிச்சமில்லையே! அதைப் பார்த்துப் பயந்து மறுபடி எடுப்பவர்கள்தான் இதற்கே அடிமையாகிறார்கள். ரத்தப்போக்கு, வாந்தியோடு வயிற்றுவலி, சமீபத்திய குடல் அறுவை சிகிச்சை, சிறுநீரகக் கோளாறு, இதயக் கோளாறு, கர்ப்பம், சிறு குழந்தை என்றால் மருத்துவர் சொல்லாமல் தொடவே வேண்டாம். கடையில் சிறு குப்பியில் கிடைக்கும் பாஸ்பேட் எனிமா (பாஸ்பேட் உப்புக் கரைசல்) சிறியதாக இருக்கிறதே என்று அலட்சியம் வேண்டாம். 24 மணி நேரத்தில் ஒன்றுக்கு மேல் கூடாது என்று அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2014-இல் எச்சரித்தது.

நண்பருக்கு என் பதில்: வேண்டாம், வாங்காதீர்கள். கேன் அருமையான கேன், பத்து வருடம் உழைக்கும். ஆனால் அந்தத் திருகோடு வருகிற வரைக்கும் யாருக்கும் சிபாரிசு செய்ய மனம் வரவில்லை. மருத்துவர் சொல்லி வாங்கியே தீர வேண்டுமென்றால், முதலில் கிளாம்பை வாங்குங்கள், பிறகு கேனை.