மூன்று சாம்பிள் அனுப்பினேன், ஒன்றைத்தான் அளந்திருக்கிறார்கள்

எக்ஸ்ஆர்டி (எக்ஸ் கதிரைப் பாய்ச்சிப் பொடியின் படிக அமைப்பை அளக்கும் சோதனை) எடுக்க வெளியே சாம்பிள் அனுப்பும் ஆராய்ச்சி மாணவர்கள் இதைப் படித்துவிட்டு அனுப்புங்கள். லேபின் பெயரைப் போடவில்லை. பணத்தைத் திரும்பக் கேட்டு இன்னும் இழுபறியில் இருக்கிறது.

எங்கள் கல்லூரியில் எக்ஸ்ஆர்டி கருவி கிடையாது. கையில் இருந்தது துத்தநாக ஆக்சைடு பொடி, மூன்று குப்பி. ஒன்று சுத்தமானது, மற்ற இரண்டில் மெக்னீசியம் கலந்தது (டோப் செய்தது), 2 சதவீதம், 4 சதவீதம். சாம்பிளுக்கு 800 ரூபாய் என்று ஒரு தனியார் லேபுக்கு கூரியரில் அனுப்பினேன். மெயிலில் ஆர்வக்கோளாறில் ஒரு வரி சேர்த்துவிட்டேன்: “டோப் செய்ததில் பீக் வலப்பக்கம் நகரும் என்று எதிர்பார்க்கிறோம்.” துத்தநாக அயனியைவிட மெக்னீசியம் அயனி கொஞ்சம் சிறியது (0.60க்கு 0.57 ஆங்ஸ்ட்ராம்), அதனால் படிகத்தின் சி அச்சு (ஒரு திசையில் அதன் அடுக்கு நீளம்) சற்றுச் சுருங்கும், பீக் (எக்ஸ் கதிர் பலமாகச் சிதறும் கோணத்தில் வரைபடத்தில் எழும் முகடு) பெரிய கோணத்துக்குப் போகும் என்பது கணக்கு. அந்த ஒரு வரிதான் வினையாகிப்போனது.

மறுநாள் மாலையே ரிப்போர்ட் வந்தது. 002 பீக் (இந்த எண் படிகத் தளத்தின் பெயர்) சுத்தமான பொடியில் 34.42 பாகை, அடுத்ததில் 34.48, அதற்கடுத்ததில் 34.54. வரைந்து பார்த்தால் படிக்கட்டு மாதிரி அவ்வளவு அழகு. கூடவே ஸ்ட்ரெயின் (படிக அடுக்கில் உள்ள திரிபு) அட்டவணை. கைடுக்கு ஏக சந்தோஷம், பேப்பரும் போய்விட்டது. எதிர்பார்த்ததையே தட்டில் வைத்துக் கொடுத்தால் யாருக்குச் சந்தேகம் வரும்?

ரிவ்யூவருக்கு வந்தது. “002 பீக் 0.06 நகர்ந்திருக்கிறது, சரி. 72.5 பாகையில் இருக்கும் 004 பீக்கும் ஏன் அதே 0.06?”

002, 004 இரண்டும் ஒரே அடுக்குத் தளங்களிலிருந்து வருபவை. அச்சு சுருங்கினால் இரண்டும் நகரும், ஆனால் நகர்வு டேன் தீட்டாவைப் பொறுத்தது (தீட்டா என்பது பீக் கோணத்தில் பாதி). முதல் பீக் 0.06 நகர்ந்தால் இரண்டாவது ஏறக்குறைய 0.14 நகர வேண்டும். ஹோல்டரில் பொடி மேலே கீழே உட்கார்ந்திருந்தால் நேர்மாறாக, கோணம் கூடக் கூட நகர்வு குறையும். எல்லா இடத்திலும் ஒரே அளவு நகர்வது கருவியின் ஜீரோ பிழையில்தான், அதாவது கோண அளவின் தொடக்கமே தள்ளியிருந்தால்தான். லேபுக்கு போன் போட்டேன். அவர்களும் அதையே பிடித்துக்கொண்டார்கள்: “ஜீரோ எரர் சார், மெஷின்ல அப்பப்ப வரும்.” சரி. அது எப்படி 2 சதவீதத்துக்கு 0.06, 4 சதவீதத்துக்கு மிகச் சரியாக 0.12 என்று வரும்?

அன்று இரவு அவர்கள் அனுப்பிய எக்செல் ஃபைலைத் திறந்து 20 முதல் 30 பாகை வரை பார்த்தேன். அங்கே இந்தப் பொடிக்கு பீக் எதுவும் கிடையாது, வெறும் பேக்கிரவுண்ட், 200 கவுண்ட் சுமாருக்கு. போட்டான்களை எண்ணும்போது 200க்கு 14 அளவு ஏற்ற இறக்கம் தானாக இருக்கும், ஒரே சாம்பிளை இரண்டு தடவை எடுத்தாலும் அந்த ஏற்ற இறக்கம் ஒத்துப்போகாது. இங்கே இரண்டாவது சாம்பிளின் எண் பத்தி முதல் சாம்பிளின் பத்தியேதான், மூன்று வரிசை கீழே தள்ளி ஒட்டியிருந்தது. மூன்றாவது, ஆறு வரிசை. ஒரு வரிசைக்கு 0.02 பாகை (ஸ்டெப்) என்பதால் மூன்று வரிசை என்றால் 0.06. எண்ணுக்கு எண் அப்படியே.

ஸ்ட்ரெயின் அட்டவணை அதைவிடக் கேவலம். வில்லியம்சன்-ஹால் முறையில் அந்த எண் வருவது பீக்கின் அகலத்திலிருந்து. மூன்றிலும் அகலம் ஒன்றே, ஸ்ட்ரெயின் மட்டும் ஏறிக்கொண்டே போகிறது. கணக்குப் போடக்கூட இல்லை, கையால் அடித்திருக்கிறார்கள்.

கருவி எழுதும் ரா ஃபைலைக் கேட்டேன், அதில் டியூப் வோல்டேஜ், ஸ்கேன் தொடங்கிய நேரம் எல்லாம் பதிவாகியிருக்கும். “பாலிசி இல்ல சார்.” அப்புறம் போனே எடுப்பதில்லை. கெஞ்சிக் கேட்டதில் குப்பிகள் மட்டும் திரும்பி வந்தன. டோப் செய்த இரண்டிலும் நான் மூடியில் சுற்றிய பாராஃபிலிம் (மெழுகுத் தாள்) பிரிக்கப்படவே இல்லை.

அதே குப்பிகளை ஒரு பல்கலைக்கழகத்தின் பொதுக் கருவி மையத்துக்கு நானே எடுத்துப் போனேன். ஒரு சிட்டிகை சிலிக்கான் பொடி கலந்து எடுத்தோம். அதன் பீக் 28.44 பாகையில் வந்தாக வேண்டும் என்பதால் ஜீரோ பிழையைக் காரணம் காட்ட வழியில்லை. 4 சதவீதத்தில் 002 பீக்கின் உண்மையான நகர்வு 0.02. திசை சரி, அளவு ஆறில் ஒரு பங்கு. 2 சதவீதத்தில் இருக்கிறதா என்றே சொல்ல முடியவில்லை. பேப்பரைத் திரும்பப் பெற்றுவிட்டோம்.

இப்போது வெளியே அனுப்பும் குப்பிகளில் ஏ, பி, சி என்று மட்டும்தான் எழுதுகிறேன். பாதுகாப்புக்காக என்ன சேர்மம் என்று சொல்லிவிடுவேன், எது எத்தனை சதவீதம் என்று சொல்வதில்லை. ஒரே பொடியை இரண்டு பெயரில் வைப்பேன். ரா ஃபைல் தருவதாக மெயிலில் பதில் வந்த பிறகே பணம்.